பௌர்ணமிக்கு மறுநாள்

இன்று காலை நம் தெருவில் கொசுப்புகை அடித்துவிட்டுப் போனார்கள். டீசல் நெடி கூடத்துக்குள் நுழைந்ததும் உங்கள் முகச்சுளிப்புதான் நினைவுக்கு வந்தது. "புகை பறக்கறதத்தான் விரட்டும். தண்ணில வளர்றத யாரு பாக்கறது?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பீர்கள். இன்று உங்களுக்குப் பதிலாக நான் முணுமுணுத்தேன்.

மிலிட்டரி மாப்பிள்ளை என்று கீழ்பென்னாத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அப்பா. கல்யாணத்துக்கு வந்த என் சித்தப்பா எந்தச் சண்டையில் இருந்தீர்கள் என்று கேட்க, "கொசுவோடதாங்க" என்றீர்கள் கூச்சமே இல்லாமல். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காட்டு முகாமில் ஒரு கம்பெனியே மலேரியாவில் படுத்துக் கிடந்ததையும், குட்டை குட்டையாகக் கொசுப்புழு தேடி அலைந்து நீங்கள் நோயை நிறுத்தியதையும் பிறகுதான் அறிந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் உங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுகாதாரத் துறைக்குப் போய், சம்பளம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று நின்றீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை டெங்குவில் விழுந்து பிழைத்த சமயம் அது. கிரிவலப் பாதையில் தேடியலைந்து கொசு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்தீர்கள். பௌர்ணமிக்கு வைக்கும் தண்ணீர்ப் பந்தல்களில், கூட்டம் போன பிறகும் டிரம்களில் மிச்சத் தண்ணீர் அடுத்த பௌர்ணமி வரை நின்றது.

பந்தல் நடத்தும் மளிகைக்கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "புண்ணியத்துக்கு வெக்கற தண்ணி சார். அதுல போய் நோவுன்றீங்களே."

மிச்சத்தை மரத்தடியில் ஊற்றினால் புண்ணியம் எங்கும் போகாது என்று நான் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு நிரப்பிய டிரம்மில் மறுபடியும் புழு. "நீங்க சொன்னாப்லதான் கொட்னோம். அப்பறமும் வருதே" என்றார். நீங்கள் டார்ச் அடித்து, டிரம்மின் உள்பக்கம் மிளகுத்தூள் ஒட்டியதுபோல் இருந்த முட்டைகளைக் காட்டினீர்கள். காய்ந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும் என்றீர்கள். "கொட்னா போதாதுங்க, தேய்க்கணும்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்துவிட்டீர்கள். அதன்பின் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் நாம் தேங்காய் நாரோடு அந்தப் பாதையில்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உங்களுக்கு அதே கவலை. "நான் போனா இது நின்னுடும். நான் கேக்கறேன்னுதான் செய்றாங்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உங்களை இழந்த துக்கத்தோடு இதையும் இழந்துவிடக் கூடாது என்றுதான் முழங்கால் வலியைப் பாராமல் போய்வருகிறேன்.

நேற்று பௌர்ணமி. இன்று புகை அடங்கியதும் கிளம்பினேன். பந்தலில் மளிகைக்கடைக்காரரின் புது மருமகள் டிரம்மைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு வாழ வந்தவள்.

"யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"யாருங்க சொல்லணும்? பந்தல் வெச்சா மறுநா தேய்க்கறதுதானே, எங்க வீட்ல வழக்கம்."

உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். யாரும் கேட்காமலே நடக்கிறது, பார்த்தீர்களா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த டிரம்மை என் பக்கம் உருட்டினேன்.