சிவப்புக் கவலை

அன்பு மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காவும் வாத்துகளும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும்.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாய். நீ போன பிறகு, ஒயின் பாட்டில் லேபிளுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'மலைத்தோட்டத்துச் சிவப்புக் கலவை' என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு 'சிவப்புக் கவலை' என்று எழுதிவிட்டேன். அச்சகத்துக்காரரும் அப்படியே அடித்து அனுப்பிவிட்டார். எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் உன் அக்கா படித்தாள். படித்தவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலாளியம்மா என்னைத் துரத்தியிருப்பார். ஆனால் சரக்கு ஓடுகிறது. கடைவீதியில், "அண்ணே, கவலை ஒண்ணு குடுங்க, விலை கம்மியா இருக்கே" என்று கேட்டு வாங்குகிறார்களாம். நாம்தான் இத்தனை வருடம் இனாமாகக் கவலைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் முதல் பாட்டில் வாங்கியவர்கள் இரண்டாவது வாங்குவதில்லை. மேல் சரிவின் புளிப்பு, கீழ்ச் சரிவின் இனிப்பு, பாறையோரக் கொடியின் துவர்ப்பு எல்லாம் அதே பீப்பாய்களில்தான் இருக்கின்றன. கலக்கும்போது நீ ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, "மாமா, பாறையோரத்துப் பீப்பாய்லேர்ந்து இன்னும் ரெண்டு குவளை ஊத்துங்க" என்பாய். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

இந்த அறுவடையும் இப்படிப் போனால் பழத்தை மொத்தமாகப் பெரிய ஆலைக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளியம்மா சொல்கிறார். ஆலைக்காரர்கள் கொடிக்கு மருந்து அடிக்கச் சொல்வார்கள். அப்புறம் நத்தை பொறுக்கும் வாத்துகளுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

கொடியில் பூஞ்சை பிடித்த வருடம் நினைவிருக்கிறதா? பக்கத்துத் தோட்டக்காரர் "மருந்தடிங்கய்யா, மருந்தடிங்க" என்று கத்தக் கத்த, நாம் மூவரும் இலை இலையாகக் கிள்ளினோம். உன் அக்கா பாடினாள். நீ பின்பாட்டுப் பாடினாய், வாத்துகள் எல்லாம் உன் பக்கம் வந்துவிட்டன. அந்த வருடத்துப் பாட்டில் ஒன்று அலமாரியில் இருக்கிறது. யாருக்கு என்று கேட்டால், "அது புளிச்சுப் போச்சு, தொடாதீங்க" என்கிறாள். புளித்துப் போனதை யாராவது துணி சுற்றி வைப்பார்களா?

நீ கிளம்பிய அன்று, இந்த மலிவு ஒயினோடு இனி மல்லுக்கட்ட மாட்டேன் என்று நீ சொன்னதும், போகிறவன் திரும்பி வர வேண்டாம் என்று அவள் சொன்னதும் வாய் தவறி வந்தவை, எனக்குக் கை தவறி வந்த மாதிரி. எனக்காவது அச்சடித்துக் காட்டினார்கள்.

அறுவடைக்கு வா. உன் நாக்கை மட்டும் அனுப்பினால் போதாது, ஆளும் வர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் மாமா

பி.கு.: புது லேபிள் வந்துவிட்டது. 'கலவை' இம்முறை சரியாக இருக்கிறது. அதன் கீழே 'மருந்து அடிக்காத தோட்டம்' என்று இருக்க வேண்டியது 'மறந்து அடிக்காத தோட்டம்' என்று இருப்பதாக உன் அக்கா சொல்கிறாள். பாதி ஒட்டியாகிவிட்டது.