பாதியில் நின்ற மருந்துப் பெயர்

இன்று காலை அம்மாவைக் குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். ஸ்பிரிட் வாசனை வந்ததுமே உன் நினைவு. ஊசியைக் கையில் எடுத்த நர்ஸ், "எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டார். அம்மா சாதாரணமாக "இல்ல" என்றாள். நான்தான் "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றேன். நீ இருந்திருந்தால் வெளியே வந்ததும் ஃபோனில் சொல்லியிருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

நாம் இருவரும் தாம்பரத்தில் அந்தச் சின்ன கம்பெனியில் மருத்துவமனைகளுக்கான சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த காலம். தகவல்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் சர்வரோடு பேசும் புரோகிராம் பகுதி, நாங்கள் லைப்ரரி என்போமே, அது உன் பொறுப்பு. ஒருநாள் சாப்பிடும்போது அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டாய். ஒரு தகவலைக் கொடுத்தால் சர்வர் "சேமித்துவிட்டேன்" என்று பதில் தருகிறது. கூடவே "ஓர் எச்சரிக்கை உண்டு" என்றும் சொல்கிறது. அது என்ன என்று திரும்பக் கேட்டால்தான் விவரம் வரும். நம் லைப்ரரி கேட்பதே இல்லை.

"அது ஏதோ சொல்ல வருதுடி. நாம பாதியில ஃபோனை வச்சிடறோம்" என்றாய். அந்த வாரமே, எச்சரிக்கை வந்தால் விவரத்தையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்யும்படி மாற்றிவிட்டாய். வேகம் குறையும் என்று மேனேஜர் முனகினார்.

பிறகுதான் மறைமலை நகர் பக்கத்தில் ஒரு மருத்துவமனை நம் சிஸ்டத்துக்கு மாறிய நாள் வந்தது. பழைய நோயாளிகளின் விவரங்களைக் காலையிலேயே ஏற்றி முடித்திருந்தோம். உதவிக்காக நான் அங்கே ரிசப்ஷனில் நின்றிருந்தேன். நீ தாம்பரம் ஆபீசிலிருந்து கூப்பிட்டாய்.

"எங்க இருக்க?"

"ரிசப்ஷன்ல. ஏன்டி?"

"ஒத்துக்காத மருந்து பேரெல்லாம் போடற இடம் பத்தல. நீளமா இருந்ததை சர்வர் வெட்டிட்டு சேமிச்சிருக்கு. வார்னிங் கொட்டுது. அதுல ஒருத்தங்க இப்ப லேடீஸ் வார்டுல இருக்காங்க. வார்டுக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல."

பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது. "வார்னிங்தானேம்மா, எரர் இல்லையே. முதல் நாளே ஹாஸ்பிடலைப் பயமுறுத்தாதே. இரு, நான் பேசறேன்."

அவர் பேசி முடிக்கும் முன்பே நீ, "ஓடறியா?" என்று என்னிடம் கேட்டாய்.

லிஃப்ட் வரவில்லை. படியேறி ஓடினேன். நீ ஃபோனை வைக்கவில்லை. உன் மூச்சு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ சொன்ன நோயாளியின் பெயரைச் சொல்லித் தேடிப் போனால், அந்தக் கட்டிலருகே நர்ஸ் நின்றிருந்தார். சிரிஞ்சில் மருந்து ஏற்றியாகிவிட்டது.

"சிஸ்டர், போடாதீங்க. இவங்களுக்கு எது ஒத்துக்காதுன்னு இன்னொரு தடவை பாருங்க."

"ஸ்கிரீன்ல பார்த்துட்டுதானே வரேன். இந்த மருந்து அதுல இல்ல. நீங்க யாரு?"

"ஸ்கிரீன்ல பாதிதான் இருக்கு" என்று ஃபோனை அவரிடம் நீட்டினேன்.

பழைய சிஸ்டத்தில் இருந்த முழு வரியையும் நீ நிதானமாகப் படித்தாய். கடைசிப் பெயர் வந்தபோது நர்ஸ் சிரிஞ்சைப் பார்த்தார். பிறகு அதை டிரேயில் வைத்துவிட்டு, ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா, ஊசி வேணாமா?" என்று கட்டிலில் படுத்திருந்த அந்த நோயாளி கேட்டார்.

"வேணாம்மா. டாக்டர் வேற எழுதுவாரு." நர்ஸின் குரல் இறங்கிப்போயிருந்தது.

நீ சிஸ்டத்தில் மருந்துப் பெயர் போடும் அந்த இடத்தைப் பெரிதாக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும்வரை மருத்துவமனை பழைய ஃபைல்களை வைத்தே வேலை பார்த்தது. சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தேன். வந்த ரயிலையெல்லாம் போகவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். யாரைக் கேட்டு மருத்துவமனைக்குச் சொன்னாய் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

"நான் சொன்னது தப்பா இருந்திருந்தா வேலை போயிருக்கும்டி" என்றாய். உன் முகம் வெளுத்திருந்தது.

"தெரிஞ்சுமா கூப்பிட்ட?"

"தப்பா இல்லாம இருந்தா?"

அடுத்து வந்த ரயிலில் இருவரும் ஏறினோம்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இப்போது வேறு கம்பெனி. ஒரு டீம் என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் எங்கள் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வெளியாக வேண்டிய நேரத்தில் ஒற்றை எச்சரிக்கை வந்தது. என்னவென்று தெரியாமல் விட முடியாது என்று நிறுத்தினேன். கஸ்டமர் காத்திருந்தார், அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அது எந்தக் கெடுதலும் செய்யாத ஒன்று என்று தெரிந்தது. "இதுக்காகவாக்கா இவ்வளவு நேரம்?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

ஆமாம், இதற்காகத்தான் என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை. அடுத்த முறையும் நிறுத்துவேன்.