இன்னொரு குப்பி

பால்டிமோர்,
அக்டோபர் 1988, திங்கள் மாலை

அன்புள்ள வெண்டலுக்கு,

வெர்னா எழுதுவது. ராட்டர்டாம் துறைமுகத்தில் இது உன் கைக்கு வரும்போது, கப்பல் சமையலறையை யாரிடமாவது விட்டுவிட்டு உட்கார்ந்து படி. ஜனெல் சௌக்கியம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் உன்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் என் விரலில் கண்ணாடிக் குழாய் குத்திவிட்டது.

என் வேலை உனக்குத் தெரியும், செல்களுக்குத் தீனி போடுவது. பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை விட வேண்டும். இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. அவள் போய்ப் பல வருஷமாகியும் அவை மட்டும் சாகாமல் பெருகுகின்றன. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எய்ட்ஸ் கிருமி நுழைவதற்கு அவற்றில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். உள்ளே போன கிருமி எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அன்று என் முன்னால் இரண்டு குப்பிகள். ஒன்றில் காலையில்தான் கிருமியை விட்டிருந்தோம். மற்றது ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமி விடாமல் வைத்த வெறும் குப்பி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கூட வேலை செய்யும் ஐரீன், எது எந்தக் குப்பி என்பதைக் குப்பியில் எழுதாமல் மூடியில் எழுதுகிறவள். எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டாள். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறக்கலாம். ஜனெலைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் அவசரத்தில் நான் இரண்டையும் திறந்து மூடிகளை ஒன்றாக வைத்துவிட்டேன். முதல் குப்பியை உறிஞ்சும்போதே குழாயின் முனை உடைந்து இரண்டு கையுறையையும் தாண்டி இறங்கியது. நான் கழுவ ஓடினேன். ஐரீன் விதிப்படி அந்தக் குப்பியில் பிளீச்சை ஊற்றிச் செல், கிருமி எல்லாவற்றையும் கொன்றுவிட்டாள். அது எந்தக் குப்பி என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

டாக்டர் ஹால்பர்ன் ஓடிவந்து, "பதறாதம்மா, இன்னொரு குப்பி இருக்கே, மூணு நாள்ல அதுவே சொல்லிடும்" என்றார். கிருமி இருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகி ஒரே பெரிய செல்லாக, பூதமாகிவிடும். அதில் பூதம் தெரிந்தால், என்னைக் குத்தியது வெறும் குப்பி. "அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே" என்றும் சொன்னார்.

யாரிடம் சொல்வது? தேவாலயத்தில் தெரிந்தால் நான் தொட்ட தட்டைத் தொட மாட்டார்கள். அம்மாவிடம் அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னேன். ஜனெல் பொக்கை வாயோடு முத்தம் கொடுக்க வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முத்தத்தால் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்! "அம்மாவுக்கு என்மேல என்ன கோவம்?" என்று பாட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். சன்னலே இல்லாத அந்த ஆய்வுக்கூட அறையைவிட நம் வீடு எனக்கு மூச்சு முட்டியது.

இத்தனை வருஷத்தில் செல்கள் நோயில் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். இன்று காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, பளபளவென்று இருந்தது. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு பூதம்கூட இல்லை. அடுத்து ஐரீன் பார்த்தாள். எப்போதும் செல்களைப் பார்த்து "உன் பிள்ளைங்க நல்லா கொழுத்திருக்குடி" என்பாள். இன்று என் தோளில் சாய்ந்து அழுதாள். என்னைக் குத்தியது கிருமி இருந்த குப்பிதான், வெண்டல்.

இப்படிக் குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒட்டாமலே போய்விடுமாம். ஆனால் ரத்தத்தைச் சோதித்தாலும் அது இப்போது வாய் திறக்காது. வசந்தம் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நாளைக்கும் நான்தான் தீனி போட வேண்டும், வேறு ஆள் இல்லை. அந்த அறையில் செல்களின் சொந்தக்காரியான அவளும் மாட்டிக்கொண்டாள், நானும் மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியது.

நவம்பரில் நன்றித் திருநாளுக்கு நீ வரும்போது சோபாவில் உனக்குப் படுக்கை போட்டிருப்பேன். கோபித்துக்கொள்ளாதே. முதலில் ஜனெலைத் தூக்கி என் பங்குக்கும் சேர்த்து முத்தம் கொடு. பிறகு என் கையைப் பிடித்துக்கொள். கையைப் பிடித்தால் ஒன்றும் வராது. எல்லோருக்கும் நான் சொல்வதுதான், இந்த ஒரு தடவை நீ எனக்குச் சொல்லு.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
வெர்னா