மாமாவின் தைராய்டும் என் பரீட்சையும்

செப்டம்பர் 3, செவ்வாய்

அறுபத்து நாலு. நாளமில்லாச் சுரப்பிகள் முதல் தேர்வில் என் மார்க். பாஸாக எழுபத்தைந்து வேண்டும். அடுத்த தேர்விலும் இப்படியே வந்தால் நர்சிங் படிப்பிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங், பிறகு லேஆஃப், பிறகு முப்பத்தொன்பது வயதில் இந்த வீர முடிவு. எல்லாம் பட்டாணி அளவு பிட்யூட்டரியிடம் தோற்கத்தானா?

சாப்பிடும்போது ஜெயபிரகாஷ் கேட்டார்: "பாஸா?"

"இன்னொரு இட்லி வெச்சுக்கோங்க" என்றேன். புரிந்துகொண்டார். பதினைந்து வருஷத்துக் கணவர்.

செப்டம்பர் 5, வியாழன்

புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது சீரியல் பார்ப்பது மாதிரி. பார்க்கும்போது எல்லாம் புரியும், மறுநாள் ஒன்றும் நிற்காது. என் வகுப்புத் தோழி லக்சனா (யாழ்ப்பாணத்துப் பெண், இதே அபார்ட்மென்ட்டில் பக்கத்து பில்டிங், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்) வழி சொன்னாள்: "புத்தகத்தை மூடிட்டு வெறுந்தாளில கீறிப் பாருங்கோ அக்கா. கீறேலாட்டி உங்களுக்குத் தெரியாது எண்டுதான் அர்த்தம்."

கீறினேன், அதாவது வரைந்தேன். தைராய்டு கழுத்தில் சரியாக உட்கார்ந்தது. அட்ரினல் இரண்டும் சிறுநீரகத்துக்குத் தொப்பி போட்டாயிற்று. கணையம் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன கைக்குட்டை மாதிரி எங்கேயோ கிடக்கிறது.

செப்டம்பர் 7, சனி

ஹார்மோன்களை ஆட்கள் தலையில் கட்டினால் மறக்காது என்று கண்டுபிடித்திருக்கிறேன். பிட்யூட்டரி: கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் இந்த வீட்டை நடத்தும் நாத்தனார் அனந்தலக்ஷ்மி. தைராய்டு குறைவாகச் சுரந்தால் பிட்யூட்டரி சத்தம் போடும். அதிகமாகச் சுரந்தால் வாயை மூடிக்கொள்ளும். நாத்தனார் வாயை மூடியதே இல்லை, அது ஒன்றுதான் உதைக்கிறது.

அட்ரினலின்: ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நாளன்று ஜெயபிரகாஷ். வளர்ச்சி ஹார்மோன்: மகள் ஓவியா, போன மாசம் வாங்கிய ஷூ இன்று கடிக்கிறதாம்.

"அம்மா, யூ ஆர் சோ மீன்" என்றாள். ஆனால் பட்டியலை வாங்கிப் பார்த்து, அத்தை பெயரைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தெர்மோஸ்டாட் யுத்தம். மாமனார் ஈரோட்டிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கிறார். அமெரிக்காவில் இந்த இர்விங்கில் வெளியே நூறு டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே அவர் ஸ்வெட்டர், மங்கி குல்லா. நான் அறுபத்தெட்டில் வைத்தால் அந்தப் பக்கம் போகிற சாக்கில் எண்பதாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி செய்தி பார்க்கிறார்.

"ஏனம்மிணி, இது ஊடா, ஐஸ் ஃபேக்டரியா?"

எனக்கோ வேர்த்துக் கொட்டுகிறது. கோபத்தில் புத்தகத்தைத் திறந்தேன் — அடடா! குளிர் தாங்காமை. பகல் தூக்கம். மலச்சிக்கல் (காலையில் ஊருக்கே கேட்கிற மாதிரி வாழைப்பழம் கேட்கிறார்). மாமாவுக்குத் தைராய்டு குறைவு! இவ்வளவு சந்தோஷப்படக்கூடாதுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

தைராய்டு டெஸ்டுக்கு மாமா ரத்தம் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, வரும் வழியில் ஜிலேபி.

செப்டம்பர் 14, சனி

பழைய ஜீன்ஸ் இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது. இரண்டு தட்டு சாப்பிட்டும்! படிப்பை மாதிரி டயட் கிடையாது. தூக்கம்தான் இல்லை. படுத்தால் நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. பரீட்சை பயம். பேனா வேறு சரியில்லை, எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.

ஒரு ஸ்பூனைக் கழுவாததற்கு ஓவியாவைப் பார்த்து அப்படிக் கத்தினேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்ரூமில் போய் நான்தான் அழுதேன். ஏன் இப்படி இருக்கேன் நான்?

செப்டம்பர் 15, ஞாயிறு

சாயங்காலம் லக்சனா வந்தாள். கழுத்தைத் தொட்டுத் தைராய்டு பார்க்கும் பயிற்சி. பின்னால் நின்று விரல்களை வைக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் விழுங்க வேண்டும். முதல் நோயாளி மாமா. தண்ணீர் வேண்டாம் என்று மோர் கேட்டார். ஒரு சொம்பு மோரும் உள்ளே போயிற்று, கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இன்னொரு சொம்பு குடிச்சுப் பார்க்கலாமா அம்மிணி?" என்றார்.

அடுத்து நான் உட்கார்ந்தேன். லக்சனா விரல் வைத்தாள். விழுங்கினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. திரும்ப விழுங்குங்கோ."

விழுங்கினேன். அவள் இரண்டு பக்கமும் மாறி மாறித் தடவினாள்.

"என்னடி, தலையைக் காணோமா?"

"பகிடி இல்லை அக்கா. வீங்கியிருக்கு. ரெண்டு பக்கமும். கையை நீட்டுங்கோ."

நீட்டினேன். ஒரு தாளை எடுத்து என் விரல்கள் மேல் வைத்தாள். தாள் படபடவென்று ஆடியது. நாடி பிடித்தாள். நூற்றுப் பதினெட்டு.

மெலிவு, பசி, வேர்வை, நடுக்கம், கோபம். புத்தகத்தில் அடுத்த பக்கம். அதை நான் புரட்டவே இல்லை. மாமாவுக்குக் குறைவு என்று நிரூபிப்பதிலேயே இருந்துவிட்டேன்.

மாமா எழுந்து போய் தெர்மோஸ்டாட்டை அறுபத்தெட்டுக்கு இறக்கினார். அவரே.

செப்டம்பர் 19, வியாழன்

டாக்டர் சொல்லிவிட்டார், தைராய்டு அதிகம்தான். என் பிட்யூட்டரி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறது. மாத்திரை ஆரம்பம். நடுக்கத்துக்குத் தனியாக ஒன்று. மாத்திரை வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாமாம், அதனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார்.

மாமா ரிசல்ட்டும் வந்தது. எல்லாம் நார்மல். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அறிவிக்கிறார்: "எனக்கு ஒன்னுமில்லீங்க. மருமகளுக்குத்தான்."

ஜெயபிரகாஷ் ரொம்ப யோசித்துக் கேட்டார், "அப்போ இத்தனை நாள் நீ கத்தினதெல்லாம் தைராய்டா?"

"பாதி" என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இந்த செமஸ்டரை விட்டுவிடு என்கிறார் ஜெயபிரகாஷ். "உடம்புதான் முக்கியம் தென்றல். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அவர் சொல்வது நியாயம். அதனால்தான் எரிச்சலாக வருகிறது. விட்டுவிட்டால் திரும்பப் போகமாட்டேன், என்னை எனக்குத் தெரியாதா?

டீச்சரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, தேர்வை அக்டோபர் எட்டுக்குத் தள்ளிக் கொடுத்தார். அதற்கு மேல் முடியாதாம்.

எழுதப் போகிறேன். வீட்டில் சொல்லியாயிற்று. சத்தம் போடாமல் சொன்னேன், அதனால் நம்பினார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

புது முறை: லக்சனா நோயாளியாக நடிக்க வேண்டும், நான் கண்டுபிடிக்க வேண்டும். அட்ரினல் அதிகமானால் முகம் நிலா மாதிரி உப்பிவிடும்; அப்படி நடிக்கக் கன்னத்தில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. உரித்துத் தின்றுவிட்டோம்.

நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுதிவிட்டேன். தைராய்டு கேள்விகளை எல்லோரும் படித்து எழுதினார்கள், நான் அனுபவித்து எழுதினேன். அட்ரினல்தான் ஆளைக் கொன்றுவிட்டது. கணையம் எங்கே இருக்கிறது என்று தெரியும் இப்போது.

அக்டோபர் 10, வியாழன்

எண்பத்து மூன்று.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். கை ஆடவில்லை. நாடி எழுபத்தெட்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓவென்று அழுதேன். எந்தச் சுரப்பி மேல் பழி போடுவது என்று தெரியவில்லை.