இருபது அங்குல ஏற்றம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். பத்து நாளைக்கு முன் போனில் நீ என்னைத் திட்டிய வேகத்தைப் பார்த்தால் உன் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை என்று தெரிகிறது, அப்படியே இரு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். பதில் சொல்ல நீ இடம் கொடுக்காமல் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாம் வகுப்போடு நின்றவர் இன்ஜினியர் வேலை பார்க்கக் கூடாது, வாசலுக்கு ஒழுங்காக ஒரு சாய்தளம் போடத் தெரியாவிட்டால் அடுத்த மாதம் வந்து அம்மாவை என்னோடு கூட்டிப் போய்விடுவேன் என்றாய். நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் நின்றவன் நான், யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றேன். நான் செய்த படிக்கட்டுகளில் இன்றைக்கும் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள், ஒருவரும் விழவில்லை. அதையெல்லாம் நீ கேட்க மாட்டாய். போகட்டும். நடந்ததைச் சொல்கிறேன், யாரைத் திட்டுவது என்று பிறகு நீயே முடிவு செய்.

நம் வாசலில் மூன்று படி, மொத்தம் இருபது அங்குல உயரம். படியிலிருந்து கேட்டுக்குப் பன்னிரண்டு அடி. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அம்மா சக்கர நாற்காலியில் வீடு வந்த மறுநாளே, கேட்டுக்குள் நாற்காலி நிற்க நான்கடி விட்டு, மிச்ச எட்டடியில் இரும்புத் தகடு வைத்து நேராகச் சாய்தளம் போட்டேன். உட்காரவைத்துத் தள்ளினேன். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டது. அவள் எடை, நாற்காலி எடை, என் வலு எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். எதிர்வீட்டு லாரிக்காரர்தான் கேட்டில் சாய்ந்து நின்று, "அண்ணே, இது சாய்தளமா சறுக்குமரமா?" என்று கேட்டார். ஏற்றத்தில் பாரம் இழுத்தே பிழைக்கிற மனிதர் சொல்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு மாதம் அப்படியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளை வாசல் முற்றத்து வெயிலில் விட்டுவிட்டு நான் குளிக்கப் போன நேரம், தனியாக ஏறிப் பார்த்திருக்கிறாள். பாதியில் கை தளர்ந்து நாற்காலி பின்னால் உருண்டு, சாத்தியிருந்த கேட்டில் போய் முட்டி நின்றது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. நான் சத்தம் போட்டேன், தள்ள நான் ஒருவன் இருக்கும்போது உனக்கென்ன அவசரம் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இது உங்களுக்குப் போட்ட ஏத்தங்க, எனக்குப் போட்டது இல்ல" என்றாள். அதைத்தான் உன்னிடமும் சொல்லியிருக்கிறாள், நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். என் கணக்கு தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தள்ளுகிறவனுக்கு அது சரியான கணக்கு. உட்கார்ந்திருக்கிறவளின் கைக்கு நான் கணக்கே போடவில்லை, அதுதான் விஷயம்.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வாரம் ஒரு தடவை வந்து அவளுக்குக் கால் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் ஏற்கெனவே கேட்டுவைத்திருக்கிறாள், ஓர் அங்குலம் உயர ஓர் அடி நீளம் வேண்டுமாம், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே ஏறலாமாம். அப்படியானால் இருபது அடி, அது தெருவில் போய் முடியும், லாரிக்காரர் நம் வீட்டுக்குள் வண்டியை ஏற்றிவிடுவார் என்றேன். அவளுக்குச் சிரிப்பு. "ஸ்கூல் பாவாடைக்கு எழுபத்திரண்டு அங்குலத் துணிய இருபத்திநாலு அங்குல இடுப்புக்குள்ள எப்படி அடக்குறேன்? மடிச்சுத்தானே? முற்றம் குறுக்கே இருபதடி இருக்குல்ல, வீட்டுச் சுவரோரமா பத்தடி போங்க, திரும்புங்க, பத்தடி வாங்க" என்றாள். அதோடு விடவில்லை. திரும்புகிற இடம் எவ்வளவு வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள், அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து நாற்காலியின் அளவைக் காகிதத்தில் வெட்டி, நடுவில் குண்டூசி குத்திச் சுற்றினாள். மூலைகள் போட்ட வட்டம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "அஞ்சடி வைங்க, தையலுக்கு விடுற மாதிரி, கை இடிக்கக் கூடாது" என்றாள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் அவள் தையல் மெஷின் ஓடுகிறது. நெஞ்சளவில் நான்கில் ஒன்று, அதற்கு மேல் மூச்சுவிட எவ்வளவு, தோள் சரிவு எவ்வளவு என்று அவள் மனதுக்குள்ளேயே போட்டு வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் அதைக் கைவாகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் என் சட்டைகளெல்லாம் அந்தக் கணக்கில்தான் எனக்குப் பொருந்தின. நீயும் பெரிய படிப்புப் படித்தாய், நீயும் கண்டுபிடிக்கவில்லை.

நேற்று முன்தினம் வேலை முடிந்தது. அவளே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிப் பத்தடி ஏறினாள், திருப்பத்தில் நின்று வியர்வையைத் துடைத்தாள், திரும்பினாள். நான் பின்னாலேயே போனேன். "கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க" என்று அதட்டினாள், கட்டிக்கொண்டேன். மேலே போய்ச் சேர்ந்தவள் உடனே இறங்கி இன்னொரு தடவை ஏறினாள். கேட்டில் நின்ற லாரிக்காரர் இந்த முறை தலையை மட்டும் ஆட்டினார், அது அவளுக்கா எனக்கா தெரியவில்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு அவளாகவே இறங்கிக் கேட்டைத் திறந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "சும்மா" என்றாள். விழுந்த நாளிலிருந்து அவள் கேட்டைத் தாண்டியதெல்லாம் டாக்டருக்காக, மருந்துக்காக. தள்ள ஒருவன் வேண்டும், அவனிடம் சொல்ல ஒரு காரணமும் வேண்டும் இல்லையா. நேற்று ஒரு காரணமும் இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். நான் கேட்டைத் தாண்டவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைவணங்காமல் நன்றாக இருங்கள். அடுத்த மாதம் கட்டாயம் வா, அம்மாவும் பார்க்க ஆசைப்படுகிறாள். ஒன்றை மட்டும் மறக்காதே, திரும்பிப் போக உனக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லை மாற்றாத உன் அப்பா