கோட்டு நம் நிலையத்தில்தான் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், கன்னம் கூட கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று உன்னை நேரில் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று இப்போது நீ யோசிப்பாய். யோசி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், தாவிப் போய்க் கடைசிப் பக்கத்தைப் படிக்காதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து அம்மா அம்மா என்று குழைந்து என்னை மழுப்பிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் தெருச் சமாசாரம். நம் தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயில் வரப்போகிறது, இந்த முறை நிஜமாகவே. நம் வாசலை மறைத்துக்கொண்டு நின்ற தகரத் தடுப்பையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கூரை போட்ட படிக்கட்டு, பக்கத்தில் லிஃப்ட், மேலே நம் தெருப் பேரைப் போட்டுப் பெரிய பலகை. இத்தனை வருஷம் இருட்டிலேயே மிஷின் ஓட்டிப் பழகிவிட்டேனா, தகரம் போன அன்றைக்குத் தையல் அறைக்குள் விழுந்த வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசிவிட்டது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை. திறப்பு விழா அடுத்த மாதம் என்று அறிவித்துவிட்டார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். மருந்துக்கடைக்காரர் கடைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் இனிமேல் ஸ்கூலுக்குப் பதறிக்கொண்டு ஓட வேண்டாம், நிதானமாகக் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்கிறாள்.

உன் அப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டின மனுஷன், முழங்கால் போன பிறகு பஸ் படி ஏற முடியாமல் வீட்டோடு கிடந்தவர், இப்போது சின்னப் பிள்ளை கெட்டது போ என்கிற மாதிரி இருக்கிறார். இந்த ரயிலில் படியே இல்லையாம், நடைமேடையும் வண்டியும் ஒரே மட்டமாம், அப்படியே நடந்து உள்ளே போய்விடலாமாம். யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்கிறார். ஸ்டியரிங் இல்லாத வண்டியில அந்த டிரைவர் உக்காந்து என்னதான்டி பண்ணுவான் என்று என்னிடம் கேட்கிறார், எனக்கு என்ன தெரியும், உங்கள மாதிரி கண்டக்டரோட சண்டை போடுவானா இருக்கும் என்றேன். சோதனை ஓட்டம் நம் சமையலறைக்குக் கீழேதான் போகிறது. முதலில் அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கும், பிறகு தரை மெல்ல அதிரும். சத்தம் கேட்டதுமே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொள்வார். பிரேக் போடறான் பாரு, எவ்வளவு பதமாப் புடிக்குது பாரு, நம்ம பையன் கம்பெனி பிரேக்குடி என்பார். தினமும் இதே கதைதான். ஒரு தடவை கூட அலுக்கவில்லை அவருக்கு.

அந்த பிரேக்கை உன் கம்பெனிதான் செய்தது என்று நீ சொன்ன நாளிலிருந்து அவர் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. சோதனை ஓட்டத்துக்கு உன்னை அனுப்புவார்களா என்று உன்னிடமே கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா. என்னை அனுப்ப மாட்டாங்கப்பா, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, நான் திறப்பு விழாவுக்கு லீவு போட்டுட்டு வரேன், முதல் வண்டியில நீங்களும் நானும் சேர்ந்து போலாம் என்றாய். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் புதுச் சட்டை தைக்கச் சொன்னார், தைத்தும் வைத்துவிட்டேன். காலரை இரண்டு தடவை பிரிக்க வைத்தார்.

இனி கோட்டுச் சமாசாரத்துக்கு வருகிறேன். நம் நிலையத்துக்கு வந்திருக்கிற மேற்பார்வையாளர் ஒருத்தர், கழுத்தில் எந்நேரமும் விசிலை மாட்டிக்கொண்டிருப்பார், அதனால் நான் வைத்த பேர் விசில்காரர். நல்ல மனுஷர். அவர்களுக்கு மொத்தமாகத் தைத்து வந்த யூனிபார்ம் ஒன்றும் ஒருத்தருக்கும் பொருந்தவில்லை, ஒருத்தன் தொளதொள என்று, ஒருத்தன் மூச்சு விட முடியாமல். எதிரிலேயே என் தையல்கடை இருப்பதால் எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கிற வேலை எனக்கு வந்தது. போன வாரம் சட்டைகளை வாங்கிக்கொண்டு போக வந்தவர், கையில் ஒரு கம்பளிக் கோட்டையும் கொண்டுவந்தார். சோதனை ஓட்டத்துல வந்த விருந்தாளி யாரோ வண்டியில விட்டுட்டுப் போயிட்டாரும்மா, கடைசி பட்டன் தொங்குது, ஒரு மரியாதைக்குத் தைச்சு வெச்சுடுங்க, ஆளு வந்து கேட்டா பளிச்சுன்னு குடுக்கலாம் என்றார்.

கையில் வாங்கின உடனே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. என் தையல் எனக்குத் தெரியாதா. இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, ஊதா நிறக் கோட்டு உலகத்தில் ஒன்றுதானா என்று திருப்பிப் பார்த்தேன். உள்பாக்கெட் வலது பக்கத்தில் இருந்தது. எந்தக் கடையில் வாங்கின கோட்டுக்கும் அது இடது பக்கத்தில்தான் இருக்கும். நீ இடக்கைக்காரன், பர்ஸை எடுக்க ஒவ்வொரு தடவையும் கையை முறுக்குகிறாய் என்று நீ புறப்படுவதற்கு முன்னால் நான் யோசித்து யோசித்து வைத்த பாக்கெட் அது. கடைசி பட்டனுக்கு ஊதா நூல் தீர்ந்துபோய் கரும்பச்சையில் தைத்தேனே, அந்தப் பச்சை நூல்தான் இற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. விசில்காரர் தையல் நல்லா இருக்குல்ல, வெளிநாட்டுச் சரக்கு போல என்றார். இருக்கும், யார் பெத்த பிள்ளையுடையதோ என்று சொன்னேன். பெற்றவள் வாயாலேயே அப்படிச் சொல்ல வைத்துவிட்டாய்.

அதற்கு முதல் நாள்தான் நீ போன் பண்ணினாய். அங்கே பனி கொட்டுகிறது என்றாய். அப்பா போனைப் பிடுங்கி, கோட்டு குளிரைத் தாங்குதாடா என்று கேட்டார். நீ கொஞ்சம் கூடத் தயங்காமல், அம்மா தைச்ச கோட்டைத்தாம்ப்பா போட்டுக்கிட்டு நிக்கிறேன், கதகதன்னு இருக்கு என்றாய். அந்த நேரம் அது நம் வாசலுக்கு எதிரே, படிக்கட்டுக்குக் கீழே, தவறவிட்ட பொருட்கள் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்கிறவன் வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா. நான் தைத்த துணியை வைத்தே என் காதில் பூச்சுற்றினாயே, அதுதான் ஆறவில்லை.

உன் அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கே போகிறாய் என்று அப்பா கேட்டதற்கு பட்டன் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனேன், பார், பொய் எப்படித் தொற்றிக்கொள்கிறது என்று. அவள் முதலில் பிடி கொடுக்கவில்லை, துணி மடிக்கிறேன் துவைக்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கோட்டைப் பற்றிச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி அனுப்பித்தான் நீ வந்தாயாம், ஊரின் அந்தக் கோடியில் ஹோட்டலில் தங்கினாயாம், அவளை மட்டும் அங்கே வரவழைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி அனுப்பினாயாம். ஏன்டி வீட்டுக்கு வரலை என்று கேட்டேன். வந்தா அப்பா எப்போ திரும்பி வரேன்னு கேப்பாரும்மா, அவர் முகத்தைப் பாத்து அவனால சொல்ல முடியாது, அவன் அங்கேயே வீடு வாங்கிட்டான், இனிமே வரமாட்டான் என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நாங்கள் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்கள் கண்ணைக் கட்டியிருக்கிறீர்கள், அது போதும் எனக்கு.

நீ அங்கே வீடு வாங்கினது எனக்குக் கோபம் இல்லை. வளர்ந்த பிள்ளை, உனக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறாய், நன்றாக இரு. ஆனால் நீ புறப்படும்போது என்ன சொன்னாய். வேலைக்குப் போய்வரவே பாதி நாள் ரோட்டில் போகிறது, நம் தெரு வரைக்கும் ரயில் வரட்டும், மறுநாளே வந்துவிடுகிறேன், நம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறேன் என்றாய். அதை நம்பித்தான் இந்தத் தூசியை எல்லாம் தின்றோம். சுரங்கம் தோண்டும்போது சமையலறைச் சுவர் விரிசல் விட்டதே, ரயில்காரர்கள் வந்து எல்லாருக்கும் வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்றார்களே, அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எனக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. போயிடாதீங்கம்மா, அப்புறம் நான் எங்கே திரும்பி வர்றது என்று போனில் கெஞ்சினவன் நீ. அப்பா தன் கையாலேயே சிமெண்ட் குழைத்து அந்த விரிசலைப் பூசினார். ஊர் பூராவும் ரயிலுக்குக் காத்திருந்தது, நாங்கள் உனக்குக் காத்திருந்தோம். ஒவ்வொரு வருஷமும் தாமதம் தாமதம் என்று அறிவித்தபோது நீ நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாய், இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வண்டி போன நாள் எது என்று விசில்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு டம்ளர் வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது, ஒன்று கீழே கூட விழுந்தது. அப்பா தரையில் கையை வைத்துக்கொண்டு, இன்னிக்கு வண்டியில ஆளுங்க இருக்காங்கடி, கனமா போகுது என்றார். நீ அந்தக் கைக்குக் கீழே போயிருக்கிறாய் தம்பி. தலைக்கு மேலே யார் வீடு என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் அந்தத் தரையைத் துடைக்கும்போதெல்லாம் அழுகிறேன், அழுதுவிட்டுத் திட்டுகிறேன்.

அப்பாவிடம் இதில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது என் வேலை இல்லை. நீ சொல்ல வேண்டியதை நானோ உன் அக்காவோ மென்று கொடுக்க முடியாது. அவர் அந்தச் சட்டையைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார். போனில் சொல்லிவிடலாம் என்று நினைக்காதே, போன் வந்தால் இனி நானே எடுப்பேன், அவரிடம் கொடுக்க மாட்டேன். போனில் நீ சொன்ன கதகதப்பெல்லாம் போதும்.

கோட்டுக்குப் பட்டன் தைத்துவிட்டேன், இந்தத் தடவை ஊதா நூலிலேயே. உள்பக்க லைனிங் துணி ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது, அதையும் பிடித்தேன். நீ இஸ்திரி போடுவதே இல்லை போலிருக்கிறது, கம்பளியை அப்படிச் சுருட்டி வைக்காதே, பூச்சி அரிக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மனசு வரவில்லை, விசில்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை. தபாலில் அனுப்பச் சொல்லி அவர்களைக் கேட்காதே, அங்கே அந்தப் பழக்கம் இல்லையாம், சொந்தக்காரர் நேரில் வந்து அடையாளம் சொன்னால்தான் கொடுப்பார்களாம். அடையாளம் உனக்குத் தெரியும். திறந்த பிறகும் கொஞ்ச நாள் வைத்திருப்பார்களாம், அப்புறம் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை. உன் பொருள் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் கோட்டு இல்லாமல் அலையாதே, ஒரு கோட்டு வாங்கிக்கொள், உள்பாக்கெட் இடது பக்கத்தில்தான் இருக்கும், பழகிக்கொள். அக்காவைத் திட்டாதே, நான் திட்டியாகிவிட்டது. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டம்ளர் கிணுகிணுக்கிறது. அப்பா கம்பைத் தேடிக்கொண்டு வருகிறார், பேப்பரை மறைக்க வேண்டும். தவறவிட்ட பொருட்கள் அறைக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு, ஏறி மேலே வந்தால் நேர் எதிரே நம் கதவு. முதல் வண்டியில் போக அவர் உனக்காகத்தான் காத்திருப்பார், நான் கூப்பிட்டால் வரமாட்டார்.

இப்படிக்கு,
அந்தக் கோட்டைத் தைத்தவள்,
உன் அம்மா