கிலோன்சோ மாமாவின் கூர்

பிப்ரவரி 3
இன்று பதினான்கு மர யானைகளுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். எங்கள் மொம்பாசா மரச்சிற்பக் கூடத்தில் பெண்களுக்கு உப்புத்தாள், ஆண்களுக்கு மரம் செதுக்கும் வாய்ச்சி. கிலோன்சோ மாமாவின் வாய்ச்சிபோல யாருடையதும் இறங்குவதில்லையாம். “எங்கப்பா கை எனக்கு” என்கிறார் மாமா. கை அவருடையதல்ல, என்னுடையது. அவருக்குக் கண் மங்கி ஒரு வருடமாகிறது. தினமும் வீட்டில் அவர் வாய்ச்சியை நான்தான் தீட்டுகிறேன்.

பிப்ரவரி 9
கூடத்தில் செதுக்கும் முன்யாவ் அண்ணனும் தன் வாய்ச்சியைத் தீட்டச் சொல்லி மாமாவிடம் தந்தார். “பொம்பளைங்க யாரும் தொடாம பாத்துக்க. மழுங்கிடும்.” மாமா தலையாட்டினார். வீட்டில் தீட்டினேன். மழுங்கவில்லை.

பிப்ரவரி 20
அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். “கூடத்துல நிரந்தரமா ஒரு இடம் கெடச்சா இரு. இல்லேன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் நைரோபி.” நைரோபியில் யாரோ வீட்டில், யாரோ பெற்ற பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கூடத்துக்குத் தீட்டுவதற்கென்றே ஓர் ஆளை வைக்கப் போகிறார்கள். மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை கேட்பேன்.

பிப்ரவரி 21
கேட்கவில்லை.

பிப்ரவரி 27
மாமாவையே வைத்துவிட்டார்கள். நானும் கைதட்டினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 5
இனி வாய்ச்சிகள் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாதாம். மாமா எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தீட்டினார். கையைத் தூக்கிப் பிடித்ததில் முனை உருண்டுபோனது. வாய்ச்சி மரத்தில் இறங்காமல் வழுக்கி, முன்யாவ் அண்ணனின் காண்டாமிருகம் கொம்பை இழந்தது. “கல்லு சரியில்ல” என்றார் மாமா. கல்லை மாற்றினார்கள்.

மார்ச் 9
புதுக் கல்லும் சரியில்லையாம். கடல்காற்று என்கிறார்கள்.
“கண்ணாடி வாங்கிப் போடுங்களேன் மாமா.”
“போட்டா ஒரு பய எங்கிட்ட வாய்ச்சி தருவானா?”

மார்ச் 12
கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். டப்பாவைச் சாய்க்கும்போதெல்லாம் மெதுவாகச் சொன்னேன்: “கைய எறக்குங்க மாமா. இன்னும் கொஞ்சம். இப்ப திருப்புங்க.” சாயங்காலம் வரை ஒரு வாய்ச்சியும் வழுக்கவில்லை.

மார்ச் 19
இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கழுத்துப் போய்விட்டது.

மார்ச் 24
சங்கத் தலைவர் கூடத்தில் எழுந்து நின்று பேசினார். “அந்தப் பொண்ணு ஊத்துற தண்ணி ராசியான தண்ணிப்பா. அவள நிரந்தரமா வச்சுக்குவோம்.” சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்கள்: தீட்டுபவர் கிலோன்சோ, தண்ணீர் கவாட்டா. அதாவது நான். குழாய்த் தண்ணீர்தான். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா நைரோபிப் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 16
மாமா ஊருக்குப் போயிருக்கிறார். கல்லருகே தனியாக உட்கார்ந்திருந்தேன். முன்யாவ் அண்ணன் வந்தார்.
“மாமா இல்லண்ணே.”
“தெரியும்.”
சுற்றும் முற்றும் பார்த்தார். வாய்ச்சியை என் மடியில் வைத்துவிட்டு எதிரே குந்தினார்.
“டப்பாவ இங்க குடு” என்றார். “இன்னைக்கு நான் ஊத்துறேன்.”